பகுதிநேர ஆய்வு: எழுத எந்த நேரம் தோது?

எங்கள் துறையில் புதிதாகப் பிஎச்.டி. பதிவு செய்திருக்கும் உதவிப் பேராசிரியை ஒருத்தி, போன வாரம் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அக்கா, நீங்க எப்ப எழுதினீங்க? வீட்ல அவரு நாலு மணிக்கு எந்திரிச்சு எழுதுங்கறாரு. எச்.ஓ.டி. சார் ஃப்ரீ பீரியட்ல எழுதலாமேங்கறாரு. எங்கம்மா மே லீவுல பாத்துக்கலாம்ங்கறாங்க. நான் எதைத்தான் பிடிச்சுக்கறது?"

மணி அடிப்பதற்குள் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நானும் அரசு அல்லாமல் கல்லூரி நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவில் முழுநேர வேலையும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்து ஆய்வேட்டை முடித்தவள். அவள் கேட்ட மூன்று நேரங்களையும், கூடவே ஞாயிற்றுக்கிழமையையும் முயன்று பார்த்தேன். அவற்றில் எதிலும் முடிக்கவில்லை. கல்லூரி விட்ட பிறகு, வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கிடைத்த ஒரு மணி நேரத்தில்தான் முடித்தேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். என் ஆய்வேடு ஏறக்குறைய 45,000 சொற்கள், தட்டச்சில் 180 பக்கம். ஒரு தடவை உட்கார்ந்தால் 300 சொல் வரும், வாரத்துக்கு மூன்று தடவை உட்காருகிறோம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 900. ஐம்பது வாரத்தில் 45,000 வந்துவிடுகிறது. கல்யாணம், காய்ச்சல், செமஸ்டர் தேர்வு எல்லாவற்றையும் கழித்தால் ஒன்றரை வருடம். திருத்தி எழுத இன்னும் ஆறு மாதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பதிவு செய்த நாளிலிருந்து ஆறு வருடம் இருக்கிறது. மறுபதிவு செய்தால் அதிகபட்சம் இரண்டு வருடம் கூடும், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் தருகிறார்கள். ஆக, கேட்பது பெரிய நேரமே இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரு மணி நேரம். நான்கு வழிகளையும் நான் இந்த ஒரு அளவுகோலில்தான் அளக்கிறேன். எவ்வளவு நீளம் என்பதைவிட, யார் கையில் இருக்கும் நேரம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

விடியற்காலைக்கு நான் இரண்டு வருடம் கொடுத்தேன். முதல் வாரம் அருமையாகப் போனது. தெரு அமைதி, மூளைத் தெளிவு, ஒரு வாட்ஸ்அப் செய்திகூட இல்லை. அந்த ஏழு நாளில் எழுதிய பகுதி இன்றைக்கும் என் முதல் இயலில் அப்படியே இருக்கிறது. அப்புறம் வீடு விழித்துக்கொண்டது. தண்ணீர் வரும் நாளில் ஐந்தே காலுக்கு மோட்டார் போட வேண்டும். சின்னவன் பக்கத்தில் அம்மா இல்லை என்பதைத் தூக்கத்திலேயே தெரிந்துகொண்டு எழுந்து வந்துவிடுவான். ஆறு மணிக்குக் குக்கர் வைத்தாக வேண்டும், ஏழே முக்காலுக்குக் கல்லூரிப் பேருந்து. எழுதுகிற ஒன்றரை மணி நேரமும் ஒரு காது அடுப்படிப் பக்கமே இருக்கும். ராத்திரியிலாவது சீக்கிரம் படுக்கலாம் என்றால், மாவு அரைப்பது, யூனிபார்ம் தேய்ப்பது, பெரியவளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து படுக்கப் பதினொன்று ஆகிவிடும். ஐந்தரை மணி நேரத் தூக்கம் ஒரு மாதத்துக்குத் தாங்கும். வருடக்கணக்கில் தாங்காது.

ஒருநாள் மூன்றாவது பீரியடில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பதாம் பாடல், வருடா வருடம் நடத்துவது, மொத்தமே ஐந்து அடி. கடைசி அடி எனக்கு வரவில்லை. கையில் சாக்பீஸோடு கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். முன்பெஞ்சில் இருந்த பெண் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அன்று சாயங்காலம் அலாரத்தை நிறுத்தினேன். எழுதுவதற்காக வகுப்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்குச் சம்பளம் வகுப்புக்குத்தான் தருகிறார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மணி நேரம் திரும்ப வராது.

எனக்கு விடியற்காலையைச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள், மூவரும் உண்மையிலேயே அந்த நேரத்தில் எழுதிப் பட்டம் வாங்கியவர்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் வீட்டில் அந்த நேரத்தில் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அல்லது நீங்கள் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தால், பிள்ளைகள் வளர்ந்து தாங்களே கிளம்பிப் போகும் வயதில் இருந்தால், ராத்திரி பத்து மணிக்குப் படுக்க முடியும் என்றால், விடியற்காலையைவிட நல்ல நேரம் கிடையாது. இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர்கள் அதை நம்பி இரண்டு வருடத்தை விட்டுவிட வேண்டாம்.

ஃப்ரீ பீரியட் விஷயம் வேறு மாதிரி. தாளில் பார்த்தால் அதுதான் நிறைய இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறையில் உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். நாளுக்கு ஐந்து பீரியட், ஆறு நாள் என்றால் முப்பது. மீதி 14 பீரியட் இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். சுயநிதிப் பிரிவில் 18, 20 என்று போகும், இருந்தாலும் பத்தாவது மிஞ்சும். அந்தப் பத்து எங்கே போகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்தேன். லீவு போட்டவருக்குப் பதில் வகுப்பு, இன்டர்னல் மார்க் ஏற்றுவது, வருகைப்பதிவு சதவீதம், மென்டார் சந்திப்பு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புக்குப் போட்டோவோடு அறிக்கை, மன்ற விழா அழைப்பிதழில் பிழை திருத்துவது, ஸ்காலர்ஷிப் படிவத்தோடு வாசலில் நிற்கும் பையன். அந்த மாதத்தில் முழுசாக என் கையில் இருந்த ஃப்ரீ பீரியட் ஏழு. வாரத்துக்கு இரண்டுகூட இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் டே ஆர்டர். நம் கல்லூரிகளில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கால அட்டவணை திங்கள், செவ்வாய் என்று ஓடுவதில்லை. ஒன்றாம் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு வரை எண்ணிக்கையில் ஓடுகிறது. நடுவில் ஒரு விடுமுறை வந்தால் எண் அப்படியே நின்று மறுநாள் தொடரும். எந்த வகுப்புக்கும் மணி நேரம் குறையக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. ஆனால் இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்த மூன்றாம் நாள், அடுத்த வாரம் புதனுக்கும் அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கும் போய்விடும். ஃப்ரீ பீரியடும் கூடவே நகரும். செல்போன் காலண்டரில் 'வாரா வாரம்' என்று நினைவூட்டல் போட்டால் ஒரு மாதத்துக்குள் எல்லாம் தப்பாகிவிடும். வீட்டாரிடமோ மாணவர்களிடமோ 'இந்தக் கிழமை இந்த நேரம் என்னைக் கூப்பிட வேண்டாம்' என்று சொல்லி வைக்கவும் முடியாது. எழுதுகிற பழக்கம் ஒரு கிழமையையும் ஒரு நேரத்தையும் பிடித்துக்கொண்டுதான் ஊன்றும். நகர்ந்துகொண்டே இருக்கும் பீரியடில் அது ஊன்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குத் தாவினால், மனசின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதனை செய்து எழுதினார். வகுப்பிலிருந்து வந்து உட்காருகிறவர்களுக்கு இதைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் குரல் அடங்க, பத்து நிமிடம் 'எங்கே விட்டேன்' என்று தேட, அதற்குள் அடுத்த வகுப்புக்கான புத்தகத்தை எடுக்க வேண்டும்.

அதற்காக ஃப்ரீ பீரியடை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எழுதுவதற்குத்தான் அது ஆகாது. சரிபார்ப்பதற்கு அதைப்போல வேறு நேரம் இல்லை. நான் மேற்கோள் காட்டிய குறுந்தொகைப் பாடல்களை எல்லாம் உ.வே.சா. 1937-இல் கொண்டுவந்த பதிப்போடு ஒப்பிட்டது முழுக்க ஃப்ரீ பீரியடில்தான். பாட்டுக்கு ஒரு அட்டை. பாடல் எண், திணை, துறை, என் ஆய்வேட்டில் எந்தப் பக்கம், பாடவேறுபாடு, அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது, உண்டா, அவ்வளவுதான். ஒரு பீரியடுக்கு நாலைந்து அட்டை முடியும். நடுவில் யார் கூப்பிட்டாலும் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகலாம், திரும்ப வந்தால் விட்ட இடம் அப்படியே இருக்கும். துணைநூற்பட்டியலை ஒழுங்குபடுத்துவது, அடிக்குறிப்பில் பக்க எண் போடுவது, நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் இதே வகை. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ அடுப்படிக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறை இந்த மாதிரி வேலைக்கும் விடைத்தாள் திருத்துவதற்கும் நன்றாகப் பொருந்துகிறது. வாதத்தைக் கட்டிக்கொண்டு போகும்போது எனக்கு அது உதவவில்லை. சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆறு நாள் இடைவெளிக்குப் பிறகு உட்கார்ந்தால், போன வாரம் எழுதியதைப் படித்துப் பிடித்துக்கொள்ளவே ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. துணி, கறிக்கடை, விசேஷம், ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான். பிள்ளைகளுக்கும் அம்மா கையில் கிடைக்கும் ஒரே நாள் அது, அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் நம் தலைப்புக்குப் பக்கத்தில் வேறு யார் ஆய்வேடு சமர்ப்பித்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது ஒரு மணி நேரம் போதும்.

மே மாதம் வெளியே இருப்பவர்களுக்குப் பெரிய விடுமுறையாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அது விடைத்தாள் திருத்தும் முகாம், அட்மிஷன் டியூட்டி, சித்திரை வைகாசிக் கல்யாணங்கள், வீட்டோடு இருக்கும் பிள்ளைகள். கழித்துப் பார்த்தால் பதினைந்து இருபது நாள் தேறும். அந்த இருபது நாளில் ஒரு இயலைப் புதிதாகத் தொடங்கி முடித்துவிடலாம் என்று நம்பி நான் இரண்டு மே மாதங்களை விட்டிருக்கிறேன். பத்து மாதம் எழுதாத கை, மேசையில் உட்கார்ந்த முதல் வாரம் எழுதுவதில்லை. ஆனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்த துண்டுகளைக் கோத்து, இயல் இயலாக அடுக்கி, முன்னுரையும் முடிவுரையும் எழுத மே மாதம்தான் சரி. அதற்கு ஆய்வேடு முழுவதையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய முடியாது. சம்பளமில்லா விடுப்பும் அப்படித்தான். சுயநிதியில் இருப்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டாம். கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வீட்டுக் கடன் தவணை இடிக்காது என்றால் மட்டும்.

இனி நான் முடித்த நேரம். எங்களுக்கு மூன்றே காலுக்குக் கடைசி மணி, 3.40-க்குக் கல்லூரிப் பேருந்து. திங்கள், புதன், வெள்ளி அந்தப் பேருந்தை விட்டுவிட்டு 5.10 டவுன் பஸ்ஸில் போவதென்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் மாமியாரிடம் பேச வேண்டியிருந்தது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். "எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். "ஒன்றரை வருஷம் அத்தை, வாரத்துல மூணு நாள்" என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். முடிவு தெரியாத உதவியைக் கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாரா, தெரியவில்லை. நாளும் நேரமும் சொல்லிக் கேட்டதால்தான் அது நடந்தது.

இந்த நேரத்தின் பெரிய பலம், அதை டே ஆர்டர் தொட முடியாது. திங்கட்கிழமை எந்த எண் வந்தாலும் 3.15-க்கு மணி அடிக்கும். பேருந்து கிளம்பியதும் கல்லூரி காலியாகிவிடும், கேட்க ஆள் இருக்காது. வீட்டுக்கு இன்னும் போகவில்லை, அதனால் வீட்டு வேலையும் கூப்பிடாது. நூலகத்தில் குறிப்புதவி நூல்கள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒரு மூலை மேசை. போனை ஸ்டாஃப் ரூம் டிராயரில் வைத்துவிட்டுத்தான் போவேன், பள்ளியிலிருந்து அவசரம் என்றால் நூலகத்துக்குப் போன் செய்யச் சொல்லியிருந்தேன். போனதும் இரண்டு கடலை உருண்டை, ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றரைக்கு மேல் உடம்புக்குப் பசிதான் பெரிய தடை, களைப்பு அதற்கு அடுத்தபடிதான்.

வீட்டில் கிழித்துப் போடும் தினசரி காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். முன்பக்கம் நல்ல நேரமும் ராகு காலமும், பின்பக்கம் வெறுமை. எழுந்து கிளம்பும்போது அந்தப் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டே விஷயம் எழுதுவேன். இன்றைக்கு எத்தனை சொல், அடுத்த தடவை எழுத வேண்டிய முதல் வாக்கியம் என்ன. அந்த வாக்கியத்தை முழுசாக எழுதி வைக்க வேண்டும், 'நெய்தல் பகுதியைத் தொடர வேண்டும்' என்ற மாதிரிக் குறிப்பு பயன்படாது. புதன்கிழமை வந்ததும் தாளில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்வேன், அது முடியும்போது அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடும். 'எங்கே விட்டேன்' என்ற தேடலே இல்லாமல் போனது. எழுபது எண்பது தாள் சேர்ந்த பிறகு, சொல் குறைந்த நாட்கள் எல்லாம் இன்டர்னல் தேர்வு வாரங்கள் என்று தெரிந்தது. அந்த வாரங்களில் எழுதுவதை விட்டுவிட்டு அட்டை வேலை பார்த்தேன்.

தினமும் எழுதாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், பேராசிரியர்கள் எழுதும் விதத்தைப் பல வருடம் கவனித்துவிட்டு, தினமும் சிறிது நேரம் எழுதுவதே நல்லது என்று சொன்னார். நியூசிலாந்தில் இருக்கும் ஹெலன் சுவார்ட் நூறு கல்வியாளர்களிடம் பேசிப் பார்த்தபோது, நிறைய எழுதி வெளியிட்டவர்களில் பெரும்பாலோர் தினமும் எழுதுகிறவர்களாக இல்லை. என் அனுபவத்தில் வாரத்துக்கு மூன்று நாள் போதுமானது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் எழுதியது மறப்பதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது.

இந்த நேரத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 5.10 பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களை எண்ணிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு இருட்டிவிடும், அந்த இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமையைக் கைவிட்டேன். சின்னவன் கொஞ்ச நாள் கோபமாகவே இருந்தான். கடைசி பீரியடில் பதில் வகுப்பும், 3.15-க்கு மேல் மீட்டிங்கும் வந்துகொண்டே இருந்தன. அதற்கு மட்டும் துறைத்தலைவரிடம் நேராகப் பேசினேன். 2022 விதிமுறைப்படி பகுதிநேர ஆய்வாளர் தன் நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்கப் பணி இடம் கொடுக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது எல்லோரும் கையெழுத்து வாங்குகிறோம், அப்புறம் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பணிவாக, குறிப்பாக, ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். 'வேலையைக் குறையுங்கள்' என்றால் நடக்காது. 'திங்கள், புதன், வெள்ளி 3.15-க்கு மேல் என்னை விட்டுவிடுங்கள், மற்ற மூன்று நாள் எந்த மீட்டிங்கிற்கும் இருக்கிறேன்' என்றால் பெரும்பாலும் நடக்கும்.

சென்னை போன்ற ஊர்களில் இரண்டாம் ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதே நேரம் காலையில் கிடைக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் வீட்டை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி, வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கல்லூரிக்குப் போய்விட வேண்டும். வீட்டிலேயே இருந்து எழுதலாம் என்று நினைத்தால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கல்லூரியை நான்கு மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்றால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது நூலகத்தைப் பாருங்கள். மாவட்ட மைய நூலகங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன. மேசையும் வெளிச்சமும் உங்களை அடையாளம் தெரியாத கூட்டமும் இருந்தால் போதும்.

ஸ்டாஃப் ரூமில் கேட்டவளுக்கு அப்புறம் என்ன சொன்னேன் என்றால், அவள் குழந்தைக்கு மூன்று வயது, விடியற்காலை இப்போதைக்கு வேண்டாம். குழந்தையை விடும் இடம் ஐந்தரை வரை வைத்துக்கொள்கிறது, செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்காரர் அழைத்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் 600 சொல், 45,000-க்கு 75 வாரம். விடுபடும் வாரங்களையும் சேர்த்து இரண்டு வருடம் என்று வைத்தாலும் நாலு வருடம் கையில் இருக்கிறது. ஃப்ரீ பீரியடுக்கு நூறு அட்டை வாங்கி வைத்திருக்கிறாள். மே மாதத்தைப் பற்றி மூன்றாம் வருடம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வரும் செவ்வாய்க்கிழமை தொடங்குகிறாள். நூலகத்து மூலை மேசைக்கு மேலே இருக்கும் ஃபேன் சத்தம் போடும், ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் அடங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறேன்.